இயல்புக்கு ஒரு டிகிரி அதிகம்

1969 ஜனவரி 5, ஞாயிறு காலை: 68. இயல்பு 68. விலகல் இல்லை.
ஜனவரி 12, ஞாயிறு காலை: 67. இயல்பு 68. ஒன்று குறைவு.
ஜனவரி 19, ஞாயிறு காலை: 69. இயல்பு 68. ஒன்று அதிகம்.
ஜனவரி 21, செவ்வாய் காலை: 69. இயல்பு 68. ஒன்று அதிகம்.

மேலே இருப்பவை பாரன்ஹீட் டிகிரிகள். இவற்றை வாசித்ததும் உங்களுக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். உங்கள் வீட்டில் இருப்பவர்கள் அதைவிடக் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் இந்த நான்கு வரிகளால் தாம்பரத்தில் ஒரு கல்யாணம் நின்றுபோக இருந்தது. வரிகளை எழுதியவர் ஓர் இயல்புக்காரர்.

இயல்புக்காரர் என்பது தனி இனம். கையை நெற்றிக்கு மேல் வைத்து வானத்தைப் பார்த்து, "மழை வரும் போலிருக்கே" என்கிறவர்களை இந்த இனத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர்கள் வானிலையைப் பற்றிப் பேசுகிறவர்கள். இயல்புக்காரர் வானிலையைப் பற்றிப் பேசுவதே இல்லை. வானிலை எப்படி இருந்திருக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் பேசுவார். ஐப்பசி மழையில் குடை பின்பக்கமாக மடங்கி, வேட்டி முழங்காலோடு ஒட்டி, செருப்பு ஒன்று சாக்கடையோடு போய்க்கொண்டிருக்க, அந்த நிலையில் நின்றுகொண்டு உங்களிடம், "இந்த வாரத்துக்கு வரவேண்டியதில் இது பாதிகூட இல்லை" என்பார். செருப்பு போனது? அது விலகலில் சேராது.

அப்படிப்பட்ட ஒருவர்தான் மேற்குத் தாம்பரத்து வேதசிரோமணி. ரயில்வே கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்துக்குக் குடிவந்த வருடத்திலேயே மூர் மார்க்கெட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, தச்சரைப் பிடித்து, காற்று நுழைந்து வெயில் நுழையாத பலகைப் பெட்டி ஒன்று செய்து, வெள்ளை வர்ணம் பூசி, கொல்லையில் கொய்யா மரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் நாலு கால் நட்டு நிறுத்தினார். தெருவில் எல்லோரும் அதைப் புறாக்கூடு என்று நினைத்தார்கள். ஒரு வருடம் புறாக்களும் அப்படித்தான் நினைத்தன. குஞ்சு பொரித்துப் பறந்துபோகும்வரை பெட்டிக்குள் சூடு இரண்டு டிகிரி கூடியிருந்தது. அந்த மாதத்தைச் சராசரியில் சேர்ப்பதா தள்ளுவதா என்று அவர் பட்ட பாட்டைப் பார்த்து அவர் மனைவி சாராள் புறா சூப்பு வைத்துவிடலாமா என்றுகூடக் கேட்டுவிட்டார்.

தினமும் காலை விடிந்ததும் விடியாததுமாக அவர் அந்தப் பெட்டியைத் திறப்பார். முப்பத்திரண்டு மார்கழி, தை மாதங்களின் காலைகள் அவருக்கு மனப்பாடம். அவற்றைக் கூட்டி வகுத்து வந்ததுதான் இயல்பு. அரசாங்கம் செல்சியஸுக்கு மாறிவிட்டது. அவர் மாறவில்லை. "அவங்க டிகிரி ரொம்பப் பெருசு. நடுவுல நிறைய குளிர் விழுந்துடுது" என்பார்.

இயல்பு என்ற ஒன்று வந்துவிட்டால் அதற்கு வீட்டில் இருப்பவர்கள் கட்டுப்பட்டுத்தானே ஆகவேண்டும்? இயல்புக்குக் கீழே போனால்தான் குளிக்க வெந்நீர். இரண்டு டிகிரி கீழே போனால் ஸ்வெட்டர். மூன்று போனால் பரணிலிருந்து கம்பளி இறங்கும். அதுவரைக்கும் அந்த வீட்டில் குளிர் கிடையாது. சாராளின் பல் கிடுகிடுக்கலாம், மகள் தபீதாள் போர்வைக்குள் உட்கார்ந்து பள்ளிக்கூட நோட்டுகள் திருத்தலாம், அதெல்லாம் அவரவர் சொந்த விஷயம்.

"ஏங்க, விரல் மரத்துப்போச்சு. அரிசி களையவே முடியல."

"அறுபத்தேழரை."

"நான் உங்களை எவ்வளவுன்னு கேட்டேனா?"

"அரை டிகிரிக்கெல்லாம் விரல் மரத்துப்போகாது சாராள். வேற காரணமா இருக்கும்."

பக்கத்து வீட்டுக் கஸ்தூரிரங்கன் கார்த்திகை பிறந்ததும் மப்ளரைச் சுற்றிக்கொண்டால் சிவராத்திரிக்குத்தான் கழற்றுவார். வேலியோரம் வந்து நின்று, "சார், நான் பொறந்ததுலேர்ந்து இப்படி ஒரு குளிரைப் பாத்ததில்லை சார்" என்பார். "போன வருஷமும் பிறந்ததிலேர்ந்து பாக்கலைன்னீங்க. நடுவுல ஒரு தடவை பிறந்தீங்களா?" என்பார் வேதசிரோமணி. கீரைக்காரி கங்கையம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னா நைனா குளிரு, முதுவெலும்பு வரிக்கும் போவுது" என்று முந்தானையை இழுத்துப் போர்த்துவாள். "இது குளிர் இல்லம்மா. இயல்பு" என்பார். "இயல்போ கியல்போ, எனுக்கு நடுங்குது. நீ இங்கியே குந்தி அளந்துகினு இரு" என்று அவள் கொத்துமல்லியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போவாள்.

இத்தோடு நிறுத்தினால் இயல்புக்காரரை மன்னித்துவிடலாம். ஆனால் தெர்மாமீட்டரோடு நிற்கிற இயல்புக்காரரை உலகம் இதுவரை கண்டதில்லை. ஒரு துக்க வீட்டில், சவப்பெட்டியைச் சுற்றி எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது, இறந்தவரின் மூத்த மகனைத் தோளில் தட்டி, "அப்பாவுக்கு எழுபத்துமூணு வயசு. இயல்புக்கு அதிகம்தான் தம்பி, வருத்தப்படாதே" என்று ஆறுதல் சொன்னவர் இவர். அந்தக் குடும்பம் இன்றுவரை பேசுவதில்லை. தபீதாளுக்கு முதலில் பார்த்த மாப்பிள்ளையின் உயரம் இயல்புக்கு இரண்டங்குலம் குறைவு என்று மாப்பிள்ளையின் அம்மாவிடமே சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இரண்டாவது மாப்பிள்ளை வீட்டார் ஏப்ரல் மாதத்தில் பெண் பார்க்க வந்து விசிறி கேட்டபோது, அன்றைய வெயிலுக்கு விசிறி அவசியமில்லை என்பதை எண்களோடு விளக்கினார். அவர்கள் காபிகூடக் குடிக்கவில்லை.

இப்படியாகத் தபீதாளுக்கு இருபத்தெட்டு வயதாகிவிட்டது.

மூன்றாவதாக வந்தவர் ஜெபசீலன். வங்கியில் குமாஸ்தா. குரோம்பேட்டையில் அம்மா ரத்தினபாயோடு இருந்தார். அப்பா இல்லை. அமைதியான மனிதர். பெண் பார்க்க வந்த அன்று வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாராள் அந்த ஒரு காரணத்துக்காகவே மனதுக்குள் சம்மதித்துவிட்டார். கல்யாணம் ஜனவரி 22, புதன்கிழமை என்று நிச்சயமாயிற்று.

நம் கிறிஸ்தவ சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகளில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் நடக்கப்போகிறது, இதற்குத் தடை ஏதேனும் தெரிந்தவர்கள் இப்போதே சொல்லவேண்டும் என்று போதகர் எல்லோர் முன்னிலையிலும் கேட்பார். கேட்டுவிட்டு மூன்று விநாடி நிற்பார். போதகர் சாலமோனின் நீண்ட ஊழியத்தில் அந்த மூன்று விநாடிக்குள் ஒரு தடவை காக்கை கத்தியிருக்கிறது. மனிதர் யாரும் வாய் திறந்ததில்லை.

முதல் ஓலை நல்லபடியாகப் போயிற்று. இரண்டாம் ஓலையும். மூன்றாம் ஓலை அன்று, ஆராதனை முடிந்ததும் சம்பந்தி வீட்டில் சாப்பாடு என்பதால், ரத்தினபாயும் காலை ரயிலேறித் தாம்பரம் கோயிலுக்கே வந்துவிட்டார். அவருக்கு நெஞ்சில் இளைப்பு உண்டு. ஒரு சால்வைக்கு மேல் இன்னொரு சால்வை, தலையைச் சுற்றி ஒரு துண்டு, காலில் ஆண்பிள்ளைகள் போடும் காலுறை.

"என்ன குளிரு சம்மந்தி! உசுரு போயிட்டு வருது" என்றார் கோயில் வாசலில்.

"குளிர் இல்லைங்க. ஒரு டிகிரி கூடுதல்" என்றார் வேதசிரோமணி.

சம்பந்தி கேலி பேசுகிறார் என்று நினைத்து ரத்தினபாய் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

போதகர் அறிவிப்புகளை ஆரம்பித்தார். மாதர் சங்கக் கூட்டம். ஞாயிறு பள்ளி. அப்புறம், "இந்த வருடம் வழக்கத்துக்கு மாறான கடுங்குளிர் நிலவுவதால், காலை ஆறு மணி ஆராதனை மாத முடிவு வரையிலும் ஏழரை மணிக்கு நடைபெறும்."

வழக்கத்துக்கு மாறான.

ஆராதனை எட்டு மணிக்கு வைத்தாலும், பத்துக்கு வைத்தாலும், வைக்காமலே விட்டாலும் வேதசிரோமணிக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மாறான? எதிலிருந்து மாறான? எவ்வளவு மாறான? இருநூறு பேர் தலையாட்டுகிறார்கள். பரிசுத்த ஸ்தலத்தில் நின்று ஒரு மனிதர், அதுவும் வெள்ளை அங்கி போட்டவர், இல்லாத ஒரு விலகலை இருப்பதாகச் சொல்கிறார். பெண்கள் பக்கத்தில் இருந்த சாராளுக்குத் தன் கணவரின் கழுத்து நீள்வது தெரிந்தது. இருமினார். பலமாக இருமினார். பக்கத்தில் இருந்தவர்கள் பாவம், குளிர் என்று நினைத்தார்கள்.

வேதசிரோமணி முன்பெஞ்சைப் பிடித்தார். முழங்கால் வலி உள்ளவர் எழுந்திருப்பது ஒரே மூச்சில் நடக்கிற காரியமா? முதலில் முன்னால் குனியவேண்டும், பிறகு ஒரு காலை ஊன்றவேண்டும், பிறகு மற்றதை நம்பவேண்டும். இதற்குள்ளே போதகர் பக்கத்தைத் திருப்பிவிட்டார், ஓலையை எடுத்துவிட்டார், மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் வாசித்துவிட்டார், தடை உண்டா என்றும் கேட்டுவிட்டார். வேதசிரோமணியின் காதில் இவை எதுவும் விழவில்லை. அவர் 1945 ஜனவரியைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த வருடம்தான் உண்மையான கடுங்குளிர். அதைக் கண்டுபிடித்து, முழங்காலும் நேராகி, அவர் முழு உயரத்துக்கு எழுந்து நின்றபோது, கோயிலில் அந்த மூன்று விநாடி நடந்துகொண்டிருந்தது.

பெண்ணின் தகப்பனார் எழுந்து நிற்கிறார்.

போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வேதசிரோமணி ஐயா... நீங்களா?"

"நான்தான்."

"ஏதாவது சொல்லவேண்டுமா?"

"ஆட்சேபம் உண்டு."

ஆண்கள் பக்கம் ஒரு தடவையும் பெண்கள் பக்கம் ஒரு தடவையும் மூச்சு இழுபட்டது.

"எதைக் குறித்து?"

"இப்போ நீங்க வாசிச்சதைக் குறித்துத்தான். அது உண்மை இல்லை."

ஓலையில் இருந்தது இரண்டு பெயர்களும், மாப்பிள்ளைக்கு இது முதல் விவாகம் என்ற வாசகமும். எது உண்மை இல்லை? மூன்றாவது பெஞ்சு போவதற்குள் ஜெபசீலனுக்கு வேறொரு மனைவி வந்துவிட்டாள். ஐந்தாவது பெஞ்சில் அவளுக்கு இரண்டு பிள்ளைகள். கடைசி பெஞ்சில் அந்தப் பிள்ளைகள் வண்டலூரில் படிக்கிறார்கள் என்றும் தெரிந்துவிட்டது. ரத்தினபாய் இரண்டு சால்வைகளையும் உதறிவிட்டு எழுந்து நின்றார்.

"என்ன உண்மை இல்லை? நிதானமாகச் சொல்லுங்கள்" என்றார் போதகர்.

"கடுங்குளிர்னு சொன்னீங்களே ஐயா. இன்னைக்குக் காலையில அறுபத்தொன்பது. இயல்புக்கு ஒரு டிகிரி அதிகம். கோயிலுக்குள்ளே வந்து குளிருதுன்னு சொல்றது தகுமா?"

எங்கிருந்தோ ஒருவர் சிரித்தார். பிறகு இருநூறு பேரும் சிரித்தார்கள். ஆர்கன் வாசிக்கிறவரின் முழங்கை பட்டு ஆர்கனும் ஒரு சத்தம் போட்டது. போதகர் மட்டும் சிரிக்கவில்லை. ஓலைக்கு ஆட்சேபம் என்று ஒருவர் எழுந்துவிட்டால் விசாரித்துத்தானே ஆகவேண்டும்? விவாகத்துக்குத் தடை இருக்கிறதா என்று தனியாக, சத்தமாக, மறுபடியும் கேட்டார். இல்லை என்றார் வேதசிரோமணி. அப்படியானால் உட்காருங்கள் என்றார் போதகர். "விவாகத்துக்குத் தடை இல்லை. குளிருக்குத் தடை உண்டு. ரெண்டையும் குறிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் இவர் உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் ரத்தினபாய் வழிமறித்தார்.

"சம்மந்தி, நில்லுங்க. அப்போ நான் வேசம் போடுதேனா?"

"யார் சொன்னது?"

"நீங்கதான். அத்தனை சனத்துக்கு முன்னால. நான் ரெண்டு சால்வை போட்டு உக்காந்திருக்கேன், நீங்க எந்திருச்சு குளிரே இல்லைங்கிய. இந்தாங்க, உங்க வீட்டம்மாவ என் கையைத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க. ஐசு மாதிரி இருக்கு. இது குளிரா, இல்லையா?"

சாராள் தொட்டுப் பார்த்தார். "ஐயோ, ஆமாங்க."

"கை சில்லுனு இருக்கலாம்" என்றார் வேதசிரோமணி. "காத்து சில்லுனு இல்லை."

"அப்போ என் கை பொய் சொல்லுதா?"

"பொய்னு சொல்லல. உங்க கைக்குச் சராசரி கிடையாது. சராசரி இல்லாத ஒண்ணைப் பத்தி நான் எப்படிங்க அபிப்பிராயம் சொல்றது?"

"ஏங்க, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைங்களேன்" என்று சாராள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

வேதசிரோமணி சட்டையை விடுவித்துக்கொண்டு வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார்.

ரத்தினபாய் சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டார். "எனக்குச் சாப்பாடு வேண்டாம். நான் சொல்லுததைக் கேட்டுக்கிடுங்க. நாளைக்கு எம் மவன் உங்க வீட்டுல காய்ச்சல்னு படுத்தா, இன்னும் ரெண்டு டிகிரி ஏறட்டும், பொறவு டாக்டரப் பாப்போம்பிய. வாயத் தொறந்து குளிருதுன்னு சொன்னா நம்பாத எடத்துல நான் எப்படிச் சம்மந்தம் வைக்க? செவ்வாக்கிழமைக்குள்ள எங்க வீட்டுக்கு வாங்க. எனக்குக் குளிருதுன்னு உங்க வாயால ஒத்துக்கிடுங்க. இல்லேன்னா புதங்கிழமை எம் மவன் இந்தக் கோயில் வாசல மிதிக்க மாட்டான்."

ஆக, கல்யாணத்துக்கும் தபீதாளுக்கும் நடுவில் ஒரே ஒரு சொல்தான் நின்றது. நீங்களாக இருந்தால் அந்தச் சொல்லை அங்கேயே சொல்லிவிட்டு, சம்பந்தியைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய்ச் சாப்பாடு போட்டிருப்பீர்கள். இயல்புக்காரரால் அது ஆகாது. அவருக்கு அது ஒரு சொல் அல்ல, முப்பத்திரண்டு வருடம்.

அன்று சாயங்காலம் தபீதாள் அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. பிள்ளைகளிடம் கணக்கு கேட்கிற குரலில் கேட்டாள்.

"அப்பா, பொண்ணுங்களுக்குக் கல்யாண வயசு, இயல்பு எவ்வளவு?"

இயல்புக்காரரால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. "இருபத்திரண்டு."

"எனக்கு விலகல்?"

"ஆறு. அதிகம்."

"ரெண்டு டிகிரி விலகினா ஸ்வெட்டர் எடுக்கறீங்க. மூணு விலகினா கம்பளி எடுக்கறீங்க. ஆறு வருஷம் விலகியிருக்கு. இதுக்கு என்னப்பா எடுப்பீங்க?"

அவள் எழுந்துபோய்விட்டாள். ரேடியோவில் வானிலை சொன்னார்கள். அன்றைக்கு முதல் தடவையாக அவர் அதைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை வழக்கத்துக்கு முன்னமே போய்ப் பெட்டியைத் திறந்தார். இன்னும் இரண்டு டிகிரி, கர்த்தாவே, இரண்டே டிகிரி இறங்கியிருக்கட்டும். உண்மையைச் சொன்னதாகவும் இருக்கும், பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதாகவும் இருக்கும். இத்தனை வருடத்தில் வானிலை எப்படியிருந்தாலும் அப்படியே எழுதிக்கொண்டவர், முதல் முறையாக அது ஒரு மாதிரி இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். அறுபத்தெட்டு. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். குனிந்து பார்த்தார். அறுபத்தெட்டு.

"இன்னா நைனா, அதாண்ட பேசிக்கினு கீறே?" என்றாள் கொல்லைப்பக்கம் வந்த கங்கையம்மாள்.

"கங்கையம்மா, குளிருதா?" என்று ஆவலோடு கேட்டார்.

அவள் கூடையை இறக்கினாள். "இத்தினி வருசம் கயிச்சு இன்னிக்குத்தான் கேக்கத் தோணிச்சா? நேத்திக்கு இன்னிக்குக் கொஞ்சம் தேவல நைனா."

சாராள் கிணற்றடியில் இருந்தே ஒரு யோசனை சொன்னார். "அது மேல ஒரு ஈரத்துணியைச் சுத்துங்களேன். சடசடன்னு இறங்கிடும்ல?" வேதசிரோமணி திரும்பி, யூதாசைப் பார்ப்பதுபோலத் தன் மனைவியைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை அறுபத்தொன்பது. மறுபடியும் ஒன்று ஏறியிருந்தது.

சபையிலிருந்து தள்ளிவைக்கப்பட்டவரைப்போல ரயிலேறினார். தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை எவ்வளவு தூரம்? நடுவில் சானடோரியம் ஸ்டேஷன் ஒன்றுதான். அதற்குள் அந்த வாக்கியத்தைப் பழகிவிடவேண்டும். ஜன்னலைப் பார்த்து, உதட்டை அசைத்து, "குளிரா இருக்கு" என்று சொல்லிப் பார்த்தார். எதிரில் இருந்தவர் நிமிர்ந்தார். "ஆமா சார், பயங்கரக் குளிர்."

"இல்லை. ஒரு டிகிரி அதிகம்" என்றார் வேதசிரோமணி உடனே. பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

ரத்தினபாய் நாற்காலியில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கரியடுப்பு கனன்றுகொண்டிருந்தது. ஜெபசீலன் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கதவோரம் ஒட்டிக்கொண்டார்.

"சொல்லுங்க" என்றார் ரத்தினபாய்.

"குளி..." என்றார் வேதசிரோமணி. காபியை எடுத்துக்கொண்டார். குடித்தார். டம்ளரை வைத்தார். "குளி..."

"எம் மவன் ஆபீசு போகணும் சம்மந்தி."

வேதசிரோமணிக்கு வியர்த்தது. கரியடுப்பின் பக்கத்தில் அது இயல்புதான். ஏதாவது பேசவேண்டுமே என்று கேட்டார். "உங்களுக்குச் சொந்த ஊர் எது?"

"தூத்துக்குடி. ஏன், ஊரையும் கொறை சொல்லப் போறியளா?"

"கடலோரமா?"

"வாசல்ல நின்னா அலைச்சத்தம் கேக்கும்."

"எத்தனை வருஷம் அங்கே?"

"பொறந்ததுலேருந்து அங்கதான். இவனுக்கு வேலை கெடைச்சு இங்க வந்து ரெண்டு வருசம்தான் ஆகுது. இதெல்லாம் எதுக்குக் கேக்கிய?"

வேதசிரோமணி டம்ளரை ஓரமாகத் தள்ளினார். அவர் முகத்தில் ஏதோ நடந்துகொண்டிருந்தது. சிலருக்கு வேதத்தில் ஆதாம் முதல் வம்ச வரலாறு முழுக்க வாயில் நிற்கும். அதுபோல் இவருக்கு மாகாணத்தில் இருக்கிற ஒவ்வொரு ஊரின் இயல்பும் வாயில் நிற்கும். அந்தப் பட்டியலில் தெற்கே தெற்கே இறங்கிப்போனார். திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை. நின்றார்.

"எழுபத்துமூணு" என்றார்.

"என்னது?"

"தூத்துக்குடி. ஜனவரி காலை. எழுபத்துமூணு." அவர் எழுந்துவிட்டார். முழங்கால் வலி எங்கே போயிற்றோ தெரியவில்லை, ஒரே மூச்சில் எழுந்துவிட்டார். "அம்மா! ஒரு இயல்பைக் கணக்குப் போட முப்பது வருஷம் இருந்தாப் போதும். நீங்க அங்கே அம்பது வருஷத்துக்கு மேல இருந்திருக்கீங்க. உங்க உடம்பு தூத்துக்குடியிலதான் சராசரி எடுத்திருக்கு. இன்னைக்கு இங்கே அறுபத்தொன்பது. உங்களுக்கு நாலு குறைவு. நாலு! எனக்கு ஒரு நாள் நாலு குறைஞ்சா நான் ஸ்வெட்டரும் போட்டு, கம்பளியும் போர்த்தி, வெந்நீர்லதான் வாய் கொப்பளிப்பேன். உங்களுக்குக் குளிருதும்மா. கடுங்குளிர்! நான் வேற ஊர் இயல்பை வச்சு உங்களை அளந்துட்டேன். என் மேலதான் தப்பு."

கண் கலங்கியிருந்தது அவருக்கு. பொய் சொல்லாமல் தப்பித்த மனிதனின் கண்.

ரத்தினபாய் மடக்கிய கால்களைக் கீழே இறக்கினார். தனக்குக் குளிர்கிறது என்று அவர் சொன்னதைக் கேட்டு இதுவரை டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், மகன் கதவைச் சாத்தியிருக்கிறார், அக்கம்பக்கத்தார் உச்சுக்கொட்டியிருக்கிறார்கள். எவ்வளவு குளிர்கிறது என்று எண் சொன்னவர் ஒருவருமில்லை.

"நாலா?" என்றார்.

"நாலு."

"நாலுங்கது அதிகமோ?"

"பயங்கரம்."

அவர் கதவுப்பக்கம் திரும்பினார். "கேட்டியால ஜெபசீலா? நாலு! அம்மா ரொம்பத்தான் பண்ணுதேன்னு சொன்னியே. இப்போ என்ன சொல்லுத?" பிறகு அடுப்பைக் காலால் தள்ளி வேதசிரோமணியின் பக்கம் நகர்த்தினார். "உக்காருங்க சம்மந்தி. இன்னொரு காப்பி குடிங்க. அப்போ முந்தாநாள் எனக்கு எவ்வளவு?"

கல்யாணம் புதன்கிழமை நடந்தது. தபீதாள் வெள்ளைப் பட்டில் கோயிலுக்குள் நுழைந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவைத் தவிர. அவர் வாசலில் ஒவ்வொரு விருந்தாளியாக நிறுத்தி, "இன்னைக்கு அஞ்சு கொறவு, தெரியுமா? சம்மந்திகிட்ட வேணும்னா கேட்டுப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படித்தான் ஐயா, அம்மா, இது ஒட்டிக்கொள்கிறது. நானா, அந்த இனமா, சேச்சே என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள். ஆனால் நேற்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம், "இந்த வருஷம் வெயில் முன்னாடியே வந்துட்டுதில்ல?" என்று கேட்டீர்களே, எதைவிட முன்னாடி? பையனின் மார்க்குப் பட்டியலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினீர்களே, எதற்குக் கீழே போயிற்று? மனைவி தலைவலி என்றதும், "இதெல்லாம் ஒரு வலியா?" என்றீர்களே, எந்த ஊர் வலியை வைத்து அளந்தீர்கள்? உங்கள் கொல்லையில் பெட்டி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வேதசிரோமணியாவது நாலு கால் நட்டு, வெள்ளை வர்ணம் பூசி, நாலு பேர் பார்க்க வைத்திருந்தார்.

ஜெபசீலனுக்கு 1971-இல் நாகபுரிக்கு மாற்றலாகி, ரத்தினபாயும் கூடப் போனார். ஒவ்வொரு குளிர்காலமும் அங்கிருந்து சம்பந்திக்குக் கடிதம் வந்தது. "இன்று 52. தூத்துக்குடிக்கு இருபத்தொன்று குறைவு. இங்குள்ளவர்கள் இதைக் குளிர் என்று ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். படிக்காத ஜனங்கள்." வேதசிரோமணி தாம்பரத்துக் கணக்கோடு பதில் எழுதுவார். பேரன் பிறந்ததையும் அவன் எடை இயல்புக்கு எவ்வளவு விலகல் என்பதையும் அவர் அந்தக் கடிதங்களில்தான் அறிந்தார். மூன்றாவது குளிர்காலத்தில் ரத்தினபாய் எழுதினார்: "இன்று காலை 50. இங்கே இதுதான் வழக்கம். எனக்கு ஒன்றும் குளிரவில்லை." வேதசிரோமணி அதைப் பலமுறை வாசித்தார். மூன்று வருடத்தில் இயல்பு மாறாது, முப்பது வேண்டும் என்று நீளமாகப் பதில் எழுதினார். அதற்குப் பதில் வரவில்லை. குளிராதவர்களுக்கு எழுத என்ன இருக்கிறது?

அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த நாளை வேதசிரோமணி இப்படி எழுதி வைத்திருக்கிறார்: 1974 ஜனவரி 17, வியாழன் காலை: 68. இயல்பு 68. விலகல் இல்லை.